பனி விலகும் முன்பே தொடங்கும் ஆட்டம்: ஒரு சிறு கல்லூரி பேஸ்பால் கான்பரன்ஸைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்வது எப்படி?

அமெரிக்க பேஸ்பாலைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேராக மேஜர் லீகுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே முப்பது அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள். ஒரே மாதத்தில் மூச்சு முட்டிப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். இந்த ஆட்டத்தைப் பழக அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சிறு கல்லூரி கான்பரன்ஸைத் தேர்ந்தெடுத்து, மார்ச் மாதத்தில் சீசன் தொடங்கும்போதே கூடவே நடக்கத் தொடங்குங்கள். அணிகள் பத்து, சீசன் முடிவுக் கோப்பைப் போட்டிகளைச் சேர்க்காமல் ஆட்டங்கள் அணிக்கு நாற்பதுக்குள். மே மாதம் வருவதற்குள் எல்லா அணிகளின் முக்கியமான பிட்சர்களையும், அதாவது பந்து எறிபவர்களையும், பெயர் சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொண்டுவிடலாம்.

கான்பரன்ஸ் என்றால் தமக்குள் போட்டியிடுவதற்காகக் கல்லூரிகள் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழு. இந்த விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்வது, எல்லாரும் நெஸ்காக் என்று சுருக்கி அழைக்கும் நியூ இங்கிலாந்து சிறு கல்லூரி விளையாட்டு கான்பரன்ஸ். 1971-இல் உருவானது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் மூன்றாம் பிரிவில் இருக்கிறது. இந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது. சனிக்கிழமை பிட்ச் செய்யும் மாணவர் வெள்ளிக்கிழமை இரவு ஆய்வுக்கூட அறிக்கையை எழுதி முடித்துவிட்டுத்தான் வருவார். எனக்கு இந்தக் கான்பரன்ஸ் பிடித்துப் போனதற்கு முதல் காரணமே அதுதான்.

விதிகளில் அவசியமானவை சிலவே. ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஒவ்வோர் அணிக்கும் மூன்று அவுட். ஸ்டிரைக் என்பது பேட்டர் அடிக்க முயன்று தவறவிட்ட பந்து, அல்லது ஸ்டிரைக் பகுதிக்குள், அதாவது பேட்டருக்கு எதிரே பந்து வர வேண்டிய எல்லைக்குள், வந்தும் அவர் அடிக்காமல் விட்ட பந்து. மூன்று ஸ்டிரைக் விழுந்தால் பேட்டர் அவுட், அதற்கு ஸ்டிரைக் அவுட் என்று பெயர். நான்கு பால் ஆகிவிட்டால், ரன் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய பேஸ்களில் முதலாவதற்கு இலவசமாக நடந்து போகலாம், அதற்கு வாக் என்று பெயர். பால் என்பது ஸ்டிரைக் பகுதிக்கு வெளியே போய், பேட்டர் அடிக்க முயலாமல் விட்ட பந்து. மற்றவை பார்க்கப் பார்க்கத் தானாகப் பிடிபடும்.

படி 1: பத்து அணிகளையும் வரைபடத்தில் பாருங்கள்

கான்பரன்ஸில் பதினொரு கல்லூரிகள் உண்டு. கனெக்டிகட் கல்லூரிக்கு மட்டும் பேஸ்பால் அணி இல்லாததால் நமக்குப் பத்து. பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தேடிப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் மார்ச் மாதத்தில் யார் எங்கே விளையாடுகிறார்கள் என்பதை ஊரின் குளிர்தான் தீர்மானிக்கிறது.

வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம். அங்கே மூன்று அணிகள்: லூயிஸ்டனில் பேட்ஸ், பிரன்ஸ்விக்கில் போடன், வாட்டர்வில்லில் கோல்பி. வெர்மான்டில் மிடில்பரி. மாசசூசெட்ஸில் மூன்று: பாஸ்டனை ஒட்டி டஃப்ட்ஸ், மேற்கே ஆம்ஹர்ஸ்ட், இன்னும் மேற்கே மலைகளுக்கு நடுவே வில்லியம்ஸ். தெற்கே கனெக்டிகட்டில் டிரினிட்டியும் வெஸ்லியனும். நியூயார்க் மாநிலத்தின் கிளிண்டன் ஊரில் ஹாமில்டன் தனியாக இருக்கிறது.

ஒவ்வோர் அணிக்கும் ஒரு புனைபெயர் உண்டு. நேரலை வர்ணனையாளர்கள் கல்லூரிப் பெயரைவிட அதைத்தான் அதிகம் சொல்வார்கள், ஆகவே தெரிந்துகொள்வது அவசியம். டஃப்ட்ஸ் அணி ஜம்போஸ். சர்க்கஸ் முதலாளி பி.டி. பார்னம் தன் புகழ்பெற்ற யானை ஜம்போவின் பதப்படுத்திய உடலை அந்தக் கல்லூரிக்குக் கொடுத்தார். 1975-இல் ஒரு தீ விபத்தில் அது எரிந்துபோனது. அந்தச் சாம்பலைக் கல்லூரி ஒரு வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது. போடன் அணி போலார் பேர்ஸ், அதாவது பனிக்கரடிகள். வடதுருவப் பயணி ராபர்ட் பியரி அந்தக் கல்லூரியின் மாணவர். ஆம்ஹர்ஸ்ட் 2017 முதல் மாமத்ஸ். கல்லூரி அருங்காட்சியகத்தில் ஒரு மாமத் எலும்புக்கூடு நிற்கிறது. வில்லியம்ஸ் அணி எஃப்ஸ். மிடில்பரி பாந்தர்ஸ், கோல்பி மியூல்ஸ், பேட்ஸ் பாப்கேட்ஸ், டிரினிட்டி பான்டம்ஸ், வெஸ்லியன் கார்டினல்ஸ், ஹாமில்டன் கான்டினென்டல்ஸ்.

பழம்பகை தெரிந்தால் ஆட்டத்தின் சுவை கூடும். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் பேஸ்பால் ஆட்டம், 1859 ஜூலை 1 அன்று பிட்ஸ்ஃபீல்டு ஊரில் ஆம்ஹர்ஸ்டுக்கும் வில்லியம்ஸுக்கும் இடையே நடந்தது. பழைய மாசசூசெட்ஸ் விதிகளின்படி, பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஆம்ஹர்ஸ்ட் 73-32 என்று வென்றது. மறுநாள் இரு கல்லூரிகளும் சதுரங்கமும் ஆடின. அதிலும் ஆம்ஹர்ஸ்டுக்கே வெற்றி. அதே இரண்டு அணிகள் இன்றும் அதே பகுதியில் மோதிக்கொள்கின்றன என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

சிறு கல்லூரி என்பதால் தரம் குறைவு என்று எண்ண வேண்டாம். 2008-இல் டிரினிட்டி 45 வெற்றி, ஒரே ஒரு தோல்வி என்ற கணக்கோடு மூன்றாம் பிரிவின் தேசியப் பட்டத்தை வென்றது. அந்த ஒரு தோல்வியும் இறுதிக் கட்டத்தில் வந்தது. அதுவரை தொடர்ந்து 44 வெற்றிகள். மேஜர் லீக் அணிகளின் நிர்வாகத்தை நடத்தியவர்கள் பலர் இந்தக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். டேன் டுக்கெட், நீல் ஹண்டிங்டன், பென் செரிங்டன் மூவரும் ஆம்ஹர்ஸ்டில் படித்தவர்கள். சிகாகோ கப்ஸ் அணியின் ஜெட் ஹோயர் வெஸ்லியனுக்காக விளையாடியவர்.

இப்போது இரண்டு அணிகளை உங்கள் அணிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மெய்ன் மாநிலத்திலிருந்தும், மற்றொன்று கனெக்டிகட்டிலிருந்தும் இருக்கட்டும். ஒரே கான்பரன்ஸில் தட்பவெப்பம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மற்ற எட்டு அணிகளும் இந்த இரண்டோடு மோத வரும்போது தாமாகவே அறிமுகமாகும்.

படி 2: சீசனின் மூன்று பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். மார்ச் தொடக்கத்தில் அட்டவணையைத் திறந்தால், வெர்மான்ட் அணி ஒன்று அரிசோனாவிலோ புளோரிடாவிலோ ஒரே வாரத்தில் எட்டு ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கும். எதிரணிகளோ மினசோட்டா, ஓஹையோ என்று எங்கிருந்தோ வந்தவை.

காரணம் எளிது. மார்ச்சில் மெய்ன் மைதானங்கள் பனிக்குக் கீழே இருக்கும். அதனால் வசந்த கால விடுமுறையில் வடபகுதி அணிகள் தெற்கே போகின்றன. மத்திய புளோரிடாவின் ஆபர்ன்டேல் போன்ற ஊர்களில், வடக்கிலிருந்து வரும் டஜன் கணக்கான கல்லூரிகள் ஒரே வளாகத்தில் மாறி மாறி மோதுகின்றன. இது முதல் பகுதி.

மார்ச் கடைசியிலிருந்து கான்பரன்ஸ் ஆட்டங்கள். வழக்கமாக ஒரு வாரக் கடைசியில் ஒரே எதிரணியுடன் மூன்று ஆட்டம்: வெள்ளிக்கிழமை ஒன்று, சனிக்கிழமை அடுத்தடுத்து இரண்டு. ஒரே நாளில் இரண்டு ஆடுவதற்கு டபுள்ஹெடர் என்று பெயர். அதில் ஓர் ஆட்டத்தை ஏழு இன்னிங்ஸோடு முடித்துக்கொள்வதும் உண்டு. இடையில் செவ்வாய், புதன் நாள்களில் பாப்சன், எண்டிகாட் போன்ற அக்கம்பக்கத்துக் கல்லூரிகளுடன் ஆடுவார்கள். அவை கான்பரன்ஸ் கணக்கில் சேராது.

மூன்றாவது பகுதி மே மாதக் கோப்பைப் போட்டி. அதில் வெல்லும் அணிக்கு என்சிஏஏ தேசியப் போட்டியில் இடம் உறுதி.

படி 3: கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்

மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அதுவரை அமெரிக்கக் கிழக்குப் பகுதிக்கும் இந்தியாவுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், அதன்பின் ஒன்பதரை. ஆகவே ஏப்ரலில் சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சென்னையில் இரவு 9.30-க்கு, சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்கு வரும். டபுள்ஹெடரின் இரண்டாவது ஆட்டம் சென்னையில் நள்ளிரவைத் தாண்டிவிடும். அதைக் காலையில் பாக்ஸ் ஸ்கோரில், அதாவது ஆட்டத்தை எண்களில் சுருக்கித் தரும் அட்டவணையில், பார்த்துக்கொள்வதில் ஒரு நட்டமும் இல்லை. பாக்ஸ் ஸ்கோரை நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் ஆட்டத்தின் பெரும்பகுதியைத் திரும்ப நடத்திப் பார்த்துவிடுவார்.

படி 4: மூன்று பக்கங்களை மட்டும் சேமித்து வையுங்கள்

ஒன்று, கான்பரன்ஸ் தளத்தின் பேஸ்பால் பக்கம். புள்ளிப் பட்டியல், எல்லா அணிகளின் முடிவுகள், வாரத்தின் சிறந்த வீரர் அறிவிப்பு எல்லாம் அங்கே இருக்கும். இரண்டாவது, நீங்கள் தேர்ந்தெடுத்த அணியின் கல்லூரி விளையாட்டுத் தளம். வீரர் பட்டியல், அட்டவணை, நேரலை இணைப்பு அங்கே கிடைக்கும். அட்டவணையில் ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே நேரலைப் புள்ளிவிவரத்துக்கும் ஒளிபரப்புக்கும் தனித்தனி இணைப்புகள் இருப்பதைக் கவனியுங்கள். மூன்றாவது, டி3பேஸ்பால் தளம். மூன்றாம் பிரிவின் தேசிய அளவிலான முதல் இருபத்தைந்து அணிகளின் தரவரிசையும் செய்திகளும் அதில் வரும்.

தொடக்கத்தில் இதற்குமேல் வேண்டாம்.

படி 5: புள்ளிப் பட்டியலில் இரண்டு கணக்குகளையும் தனித்தனியே படியுங்கள்

பட்டியலில் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கணக்கு இருக்கும்: கான்பரன்ஸுக்குள் எத்தனை வெற்றி தோல்வி, மொத்தமாக எத்தனை. மார்ச் இருபதாம் தேதி ஒரு அணி மொத்தத்தில் 9-1 என்று நிற்கலாம், கான்பரன்ஸில் 0-0. அந்த 9-1 கோப்பைப் போட்டிக்கான இடத்தைக் கொஞ்சமும் நெருங்கச் செய்யாது. தெற்குப் பயணத்தில் யாரோடு மோதினார்கள் என்பதைப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பவே கூடாது.

ஆனால் அந்த ஆட்டங்கள் வெறும் பயிற்சியும் அல்ல. கோப்பையை வெல்லாத அணிகளில் யாருக்குத் தேசியப் போட்டியில் இடம் தருவது என்று முடிவு செய்யும்போது, என்சிஏஏ மொத்த சீசனையும் எடைபோடுகிறது. எதிரணி எவ்வளவு வலுவானது என்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. மார்ச்சில் அரிசோனாவில் ஒரு வலுவான அணியை வென்றது மே மாதத்தில் கைகொடுக்கும். ஆக, ஒரே ஆட்டத்தைக் கான்பரன்ஸ் கணக்கு கண்டுகொள்ளாது, தேசியக் கணக்கு விடாது.

நெஸ்காக் பேஸ்பால் நீண்ட காலமாகக் கிழக்கு, மேற்கு என்று ஐந்தைந்து அணிகளாகப் பிரிந்து ஆடிய கான்பரன்ஸ். மெய்னின் மூன்றும் டஃப்ட்ஸும் டிரினிட்டியும் கிழக்கு, மற்ற ஐந்தும் மேற்கு. எத்தனை அணிகள் கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெறும், சமநிலை வந்தால் எதை வைத்துப் பிரிப்பார்கள் என்பதையெல்லாம் சீசன் தொடக்கத்திலேயே கான்பரன்ஸ் தளத்தின் விதிப் பக்கத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் அவசரமாகத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

படி 6: பாக்ஸ் ஸ்கோரைப் பிட்சரிடமிருந்து தொடங்குங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். எல்லாரும் முதலில் இறுதி ஸ்கோரைப் பார்க்கிறார்கள், பிறகு யார் ஹோம் ரன் அடித்தார் என்று பார்க்கிறார்கள். சீசன் தொடக்கத்தில் அதைவிட முக்கியமான கேள்வி, பந்தை எறிந்தது யார் என்பது.

கிரிக்கெட்டில் ஐந்தாறு பேர் மாறி மாறிப் பந்து வீசுவார்கள். இங்கே ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் முடிந்தவரை தொடர்ந்து எறிகிறார். அவரை மாற்றிவிட்டால் திரும்ப வர முடியாத நிலைதான் பெரும்பாலும். ஒரு முழு ஆட்டத்தைத் தொடங்கியவருக்கு அடுத்து ஒரு வாரம் ஓய்வு. ஆகவே மூன்று ஆட்டம் கொண்ட வாரக் கடைசிக்கு நம்பத்தக்க பிட்சர்கள் மூவர் வேண்டும். சிறு கல்லூரி அணிகளில் அப்படி இரண்டு பேர் கிடைப்பதே அரிது. மூன்றாவது ஆள் யார் என்ற தேடல்தான் மார்ச் மாதத்தின் உண்மையான கதை.

பிட்சர் பெயருக்கு எதிரே இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

5.2 – 6 – 3 – 2 – 1 – 7

முதல் எண் எறிந்த இன்னிங்ஸ். 5.2 என்பதைத் தசமமாகப் படித்துவிடாதீர்கள். ஐந்து முழு இன்னிங்ஸும், ஆறாவதில் இரண்டு அவுட்டும் என்று பொருள். அடுத்து எதிரணி அடித்த ஹிட், அதாவது பேட்டர் அவுட் ஆகாமல் பேஸை எட்டிய அடி, 6. பிறகு ரன் 3. அடுத்துள்ள 2, பிட்சரின் பொறுப்பில் சேரும் ரன். அதாவது மூன்று ரன்களில் ஒன்று ஃபீல்டர் செய்த பிழையால் வந்தது. பிறகு வாக் 1, ஸ்டிரைக் அவுட் 7.

இந்த வரியில் என் கண் முதலில் போவது கடைசி இரண்டு எண்களுக்கு. ஒரே ஒரு வாக், ஏழு ஸ்டிரைக் அவுட். இரண்டுமே ஃபீல்டர்களையோ அதிர்ஷ்டத்தையோ சார்ந்தவை அல்ல, பிட்சரின் கையிலிருந்து நேராக வருபவை. இவர் நல்ல பிட்சர் என்று முடிவு செய்ய இன்னும் இரண்டு ஆட்டம் பார்க்க வேண்டும். ஆனால் பெயரைக் குறித்துவைக்க இது போதும்.

ஈஆர்ஏ என்ற எண்ணை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். பிட்சரின் பொறுப்பில் சேர்ந்த ரன்களை ஒன்பதால் பெருக்கி, எறிந்த இன்னிங்ஸால் வகுத்தால் அது வரும். மேலே உள்ளவருக்கு 2 பெருக்கல் 9, வகுத்தல் ஐந்தே மூன்றில் இரண்டு. விடை 3.18. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதே அதன் பொருள். குறைவாக இருந்தால் நல்லது.

மார்ச் தொடக்கத்தில் நல்ல பிட்சர்கூட நான்கு இன்னிங்ஸில் வெளியே வந்துவிடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குளிர் மாதங்களில் உள்ளரங்கில் பயிற்சி செய்துவிட்டு வருகிறார்கள், தோளைப் பாதுகாக்கப் பயிற்சியாளர் எண்ணிக்கை வைத்து நிறுத்துகிறார். 60, 70 பந்துகளில் நிறுத்தப்பட்டவர் ஏப்ரல் நடுவில் 90, 100 வரை போவார். இந்த ஏற்றத்தை வாரா வாரம் கவனித்தால், ஓர் அணி எப்படி வடிவம் பெறுகிறது என்பது உங்களுக்கே புலப்படும்.

படி 7: பந்து பந்தாக எழுதிய குறிப்பைப் படிக்கப் பழகுங்கள்

பாக்ஸ் ஸ்கோருக்குப் பக்கத்தில் ஆட்ட விவரம் என்று இன்னொரு பகுதி இருக்கும். பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. நேரலை பார்க்க முடியாதவர்களுக்கு அதுதான் புதையல். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு வரி. அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் சில ஆங்கில எழுத்துகள் வரும். பி என்பது பால். கே என்பது பேட்டர் அசையாமல் நின்று விட்டுவிட்ட ஸ்டிரைக். எஸ் என்பது மட்டையைச் சுழற்றித் தவறவிட்ட ஸ்டிரைக். எப் என்பது எல்லைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்ட ஃபவுல்.

மூன்று பேட்டர்களின் வரிகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம். முதல்வர் ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டரிடம்) உருட்டி அடித்து அவுட்: 1-2, கே பி எப். இரண்டாமவர் ஸ்டிரைக் அவுட்: 2-2, பி கே எப் பி எஸ். மூன்றாமவருக்கு வாக்: 3-1, பி பி கே பி பி. இணைப்புக்குறிக்கு முன்னே உள்ளது பால் எண்ணிக்கை, பின்னே உள்ளது ஸ்டிரைக்.

எழுத்துகளை எண்ணினால் எத்தனை பந்து எறிந்தார் என்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு நுணுக்கம்: பந்து மட்டையில் பட்டு ஆட்டத்துக்குள் போனால், அந்தக் கடைசிப் பந்துக்கு எழுத்து இருக்காது, நாம்தான் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே முதல்வருக்கு நான்கு, மற்ற இருவருக்கும் ஐந்தைந்து, மொத்தம் பதினான்கு பந்துகள். மூன்று பேட்டர்களுக்குப் பதினான்கு என்றால் பிட்சர் சற்று உழைக்க வேண்டியிருந்தது என்று பொருள். மூன்றாமவரிடம் முதல் இரண்டு பந்துகளும் பால் ஆனதைக் கவனித்தீர்களா? களைப்பு முதலில் அங்கேதான் தெரியும். ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸில் வரிசையாக எல்லா வரிகளும் பி-யில் தொடங்கினால், அடுத்த சில வரிகளுக்குள் புதுப் பிட்சர் வந்துவிடுவார்.

படி 8: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

கணினியிலும் செய்யலாம், ஆனால் கையால் எழுதினால் பெயர்கள் மனத்தில் நிற்கின்றன. அணிக்கு ஒரு பக்கம். அதில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: வெள்ளிக்கிழமை ஆட்டத்தை யார் தொடங்கினார், சனிக்கிழமை இரண்டையும் யார் யார் தொடங்கினார்கள், நெருக்கமான ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸை எறிந்தது யார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் படிப்பு ஆண்டு. நான்காம் ஆண்டு மாணவர் நிறைந்த அணி ஏப்ரலில் நிதானமாக ஆடும். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தொடங்குகிறார் என்றால், அவரை அடுத்த மூன்றாண்டுகளுக்கும் சேர்த்துப் பின்தொடரலாம்.

படி 9: தொடக்க எண்களில் எதை நம்புவது?

ஒரு பேட்டர் சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களில் எட்டு முறை அடிக்க வந்து நான்கு ஹிட் அடித்தால் சராசரி .500. கான்பரன்ஸிலேயே முதலிடமாகக்கூட இருக்கும். மறுநாள் நான்கு முறை வந்து ஒன்றும் அடிக்கவில்லை என்றால் .333-க்கு இறங்கிவிடுவார். அதே வெறும் நாள், நூறு முறை ஆடி .300 வைத்திருப்பவரை .288-க்குத்தான் இறக்கும். ஆகவே மார்ச் மாத பேட்டிங் சராசரிப் பட்டியலைப் பார்த்து மகிழலாம், அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஸ்டிரைக் அவுட்டும் வாக்கும் சீக்கிரமே உண்மை பேசத் தொடங்கும் எண்கள். இருபது முறை ஆடி ஒரே ஒரு ஸ்டிரைக் அவுட் மட்டுமே ஆன பேட்டருக்குப் பந்து நன்றாகத் தெரிகிறது. ஹிட்கள் பின்னால் வரும். அதேபோல், இன்னிங்ஸுக்கு ஒரு வாக் கொடுக்கும் பிட்சர் இப்போது தப்பித்துக்கொண்டிருந்தாலும் கான்பரன்ஸ் ஆட்டங்களில் அடி வாங்குவார்.

ஃபீல்டிங் பிழைகளைத் தொடக்கத்தில் மன்னித்துவிடுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தின் தட்டையான தரையில் வரும் உருட்டுப் பந்தும், மண் தரையில் எகிறி வரும் பந்தும் வேறு வேறு. இரண்டு மாதம் கூரைக்குக் கீழே பழகிய இன்ஃபீல்டருக்குப் புளோரிடாவின் முதல் நான்கு நாள் தடுமாற்றமாகத்தான் இருக்கும். ஏப்ரலிலும் பிழைகள் குறையவில்லை என்றால் அப்போது கவலைப்படலாம். பயிற்சியாளர் ஷார்ட்ஸ்டாப் இடத்திலும் சென்டர் ஃபீல்டிலும் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்றால், அணி இன்னும் தன்னைக் கண்டுபிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 10: வாரத்துக்கு ஓர் ஆட்டத்தையாவது நேரலையில் பாருங்கள்

ஒளிபரப்பு பெரும்பாலும் பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிறுத்திய ஒரே கேமராவில் இருக்கும். வர்ணனை செய்வது பெரும்பாலும் மாணவர்கள். தொலைக்காட்சியின் பளபளப்பு இருக்காது. ஆனால் பிட்சரின் பந்து எப்படி வளைகிறது, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் கையுறையை எங்கே வைக்கிறார் என்பதைக் கற்க இதைவிட நல்ல கோணம் இல்லை. மட்டையில் பந்து பட்டதும் கணீரென்ற உலோக ஒலி கேட்கும். கல்லூரிகளில் உலோக மட்டைதான். 2011 முதல் அந்த மட்டைகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கடுமையான தரநிலை நடைமுறையில் இருக்கிறது.

முதல் ஆட்டத்தில் பந்தைத் தொடராதீர்கள், கேட்சரை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன் அவர் உட்காரும் இடம் மாறுவதைப் பார்த்தாலே பிட்சரின் திட்டம் பாதி புரிந்துவிடும்.

படி 11: அட்டவணை மாறும், அதற்குத் தயாராக இருங்கள்

மார்ச் கடைசி வாரத்தில் மழை, பனி, ஈர மைதானம் எல்லாம் சேர்ந்து அட்டவணையைக் கலைத்துப் போடும். வெள்ளிக்கிழமை ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகும். மெய்ன் அணியின் சொந்த மைதான ஆட்டம் தெற்கே செயற்கைப் புல் உள்ள வேறொரு மைதானத்துக்கு மாறும். சில சமயம் எதிரணியின் ஊரிலேயே நடக்கும். அப்போதும் அட்டவணைப்படி சொந்த அணியாகக் குறிக்கப்பட்டதுதான் இன்னிங்ஸின் பின்பாதியில் அடிக்கும், பாக்ஸ் ஸ்கோரில் கீழ் வரிசையில் இருக்கும். ஊரைப் பார்த்துக் குழம்பாமல் வரிசையைப் பாருங்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் இரவு கல்லூரித் தளத்தின் அட்டவணையை மறுபடி திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டங்கள் தள்ளிப்போவதன் விளைவு பிட்சர் வரிசையில்தான் தெரியும். ஞாயிறு வரை தள்ளிப்போன ஆட்டத்தை எறிந்தவர் அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தயாராக இருக்கமாட்டார். அந்த வாரம் புதிதாக ஒரு பெயர் வரும். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கட்டத்துக்கு இடம் விட்டு வையுங்கள்.

படி 12: ஏப்ரல் முடியும் தறுவாயில்

இதற்குள் யார் யாரை இன்னும் சந்திக்கவில்லை, எந்தத் தொடரில் சமநிலை முறியும் என்பதைக் கணக்கிட உங்களுக்குத் தெரிந்திருக்கும். படி 5-இல் படித்த விதிப் பக்கத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, மீதமிருக்கும் ஆட்டங்களைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கோப்பைப் போட்டிக்கான அணிகள் உறுதியானதும், ஒவ்வோர் அணிக்கும் முதல் ஆட்டத்தைத் தொடங்கப்போகும் பிட்சர் யார் என்று நோட்டுப் புத்தகத்தின் ஓய்வு நாள்களை எண்ணி எழுதி வையுங்கள். ஆட்டத்துக்குச் சற்று முன் நேரலைப் பக்கத்தில் இரு அணிகளின் வரிசையும் வெளியாகும். அப்போது ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.